ஒரு கோடிக்கு இருபது

பினாங்கின் லெபோ பாசாரை எங்கள் ஊர்த் தமிழர்கள் கடைத்தெரு என்றுதான் சொல்வோம். அங்கே ஒரு புடவைக் கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். டிசம்பர் கடைசி வாரத்தில் அந்தக் கடையில் யாரும் லீவு கேட்கக் கூடாது. சரக்கு எண்ணும் வாரம் அது. மாடியில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் சரக்கு வந்த வருடத்தைப் பென்சிலால் எழுதிய சீட்டு. 2011, 2009, மூலையில் ஒரு 2004. பிரித்து எண்ணி, திரும்ப மடித்து, பூச்சி உருண்டை போட்டுக் கட்டி வைப்போம். முதலாளி அதற்குத் ‘தூங்குற துணி’ என்று பெயர் வைத்திருந்தார். தீபாவளிக் கூட்டத்தில் கீழே ஓடி ஓடிச் சம்பாதித்த காசு மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். அது எழுந்து வந்து நான் பார்த்ததில்லை.

2018இல் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துணி தைத்து விற்கப் போகிறேன் என்று கிளம்பியபோது என்னிடம் இருந்தது 5,000 மலேசிய வெள்ளியும் அந்த மாடியின் நினைப்பும்தான். அம்மா, இன்னொரு 5,000க்குக் கூட்டு பிடிக்கலாம் என்றார். கூட்டு என்பது தமிழ்நாட்டில் சீட்டு. பத்துப் பேர் மாதாமாதம் போட்டு ஆளுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்வது. மலேசியச் சட்டங்களில் தமிழ்ச் சொல் தலைப்பிலேயே ஏறியது எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: 1971ஆம் வருடத்துக் கூட்டு நிதித் தடைச் சட்டம். ஏறியதுதான் ஏறியது, தடை வாங்கிக்கொண்டு ஏறியிருக்கிறது. சட்டத்துக்குப் பயந்தேனோ, மாதத் தவணைக்குப் பயந்தேனோ, வேண்டாம் என்றுவிட்டேன். கையில் இருப்பதற்குள் முடிகிற வேலையாகப் பார்க்க வேண்டும்.

என்ன தைப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. பெண்களுக்கான குர்தா. ஒன்பது வருடம் கவுண்டரில் நின்று, இந்தியாவிலிருந்து வரும் தைத்த உருப்படிகளில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எங்கே பிடிக்கிறது என்று பார்த்தவள் நான். கைக்குழி. எப்போதும் கைக்குழிதான். மார்புக்குச் சரியாக இருக்கும், கையைத் தூக்கினால் கிழியும். குழப்பமெல்லாம் துணியில்தான் வந்தது. ஈரோட்டுக்கும் ஜெய்ப்பூருக்கும் வாட்ஸ்அப்பில் பேசினேன். மீட்டர் விலை கேட்டால் சந்தோஷமாக இருக்கும். அடுத்த வரியில் ஒரு டிசைனுக்குக் குறைந்தது இத்தனை தான் எடுக்க வேண்டும் என்பார்கள். நான்கு டிசைன் எடுத்தால் என் 5,000 வெள்ளியும் தீர்ந்து, வீட்டுக் கூடத்தில் ஒரு குட்டி மாடி உருவாகிவிடும்.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாள் சவ்ராஸ்தா சந்தைப் பக்கம் அப்பாவுக்குக் கைலி வாங்கப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக உதறிக் காட்டினார். கட்டம், கட்டம், கட்டம். நல்ல பருத்தி, கண்ணை உறுத்தாத நிறம். ஒன்று வேண்டுமென்றால் ஒன்று வாங்கலாம். அங்கேயே நின்று யோசித்தேன். கைலி என்பது ஓர் உடுப்புக்கு வேண்டிய அளவில் ஏற்கெனவே வெட்டி வைத்த துணி அல்லவா? தான் கணக்கு இல்லை, மீட்டர் கணக்கு இல்லை. ஒரு கைலி, ஒரு குர்தா.

மலாய்க்காரர்கள் இதைக் காயின் பெலிக்காட் என்பார்கள். பெலிக்காட் வேறொன்றுமில்லை, நம் பழவேற்காடு. வெள்ளைக்காரர் வாயில் புலிகாட் ஆகி, மலாயில் பெலிக்காட் ஆயிற்று. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் கட்டம்போட்ட துணிகளை இந்தப் பக்கத்துத் தீவுகளுக்கு ஏற்றிவந்து மிளகு, கிராம்புக்கு மாற்றிக்கொண்டார்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றிய பிறகு, சூலியாக்கள் என்று பெயர் பெற்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதே துணியோடு இங்கே வந்து இறங்கினார்கள். இன்று கடையில் கிடைப்பதில் பல இந்தோனேசியாவில் நெய்தவை. பெயர் மட்டும் பழவேற்காட்டில் நிற்கிறது. இதே குடும்பத்துத் துணி ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கிறது. நைஜீரியாவில் நம் பக்கத்துத் துணிக்கு ‘ஜார்ஜ்’ என்றே பெயர், சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது. ஜார்ஜ் டவுனில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு. அது ஐந்தாம் ஜார்ஜ், எங்களுடையது மூன்றாம் ஜார்ஜ்.

அம்மாவிடம் சொன்னேன். “அப்பா இடுப்புல கட்டுறத மேல போட்டுக்கிட்டு எவ வெளியில வருவா?” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

வெட்டுவதற்கு ஆள் வேண்டும். எனக்கு அளவு எடுக்கத் தெரியும், மெஷின் மிதிக்கத் தெரியும், கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது. லெபோ சூலியாவை ஒட்டிய ஒரு சந்தில் மாடியில் ஒரு தையல்காரர் இருந்தார். தமிழ் முஸ்லிம், எழுபதை நெருங்கியவர், நாங்கள் எல்லோரும் மாமா என்போம். முன்பு கீழே அஞ்சடி நடைபாதையைப் பார்த்த கடையாக இருந்ததாம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி முதல் தேதியோடு இல்லாமல் போனபோது, அவர் அப்பா காலத்து வாடகையும் போயிற்று. கீழ்க்கடையை விட்டு மாடிக்கு ஏறினார். 2008இல் யுனெஸ்கோ ஊருக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்த பிறகு, அவருடைய பழைய கடை கோப்பி விற்கும் இடமாகிவிட்டது. “நான் காஜா எடுத்த எடத்துல இப்ப கேக்கு விக்கிறான்” என்பார், கோபமில்லாமல்.

கைலியை விரித்துக் காட்டினேன். அவர் தொடவில்லை. தான் கட்டியிருந்த கைலியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். “இத வெட்டணுமா?” என்றார். பிறகு மூட்டுத் தையலைப் பிரிக்கச் சொன்னார். பிரித்துப் போட்டால் 82 அங்குல நீளம், 46 அங்குல அகலம். கைலியில் ஒரு பக்கம் கட்டம் மாறி, நிறம் கூடி, ஒரு முழம்போலத் தனியாகத் தெரியும் அல்லவா, அதை மலாயில் கெப்பாலா என்பார்கள். தலை. கட்டும்போது அது பின்பக்கம் வரவேண்டும் என்பது முறை.

நான் தாளில் படம் போட்டுக்கொண்டு போயிருந்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் துணியின் நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்று, பக்கத்தில் மிஞ்சுவதில் கை. எல்லாத் துணியையும் அப்படித்தான் வெட்டுவார்கள், பாவு நூல் மேலிருந்து கீழாக ஓடும்படி. மாமா தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “அப்படிப் போட்டா தலை எங்க வருது பாரு” என்றார். குறுக்காக வயிற்றில் வந்தது, பெல்ட் கட்டிய மாதிரி. துணியைக் கால்வட்டம் திருப்பிப் போட்டார். இப்போது குர்தாவின் உயரம் 46 அங்குல அகலத்துக்குள் அடங்கியது. தலை நட்டநடுவில், கழுத்திலிருந்து ஓரம்வரை, கதவு நிலைபோல் நின்றது. அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இதைப் பார்த்தால் இடுப்புத் துணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு கணக்கு. 40 அளவு மார்புக்கு விட்டுத் தைக்க 4 சேர்த்தால் 44. பாதி 22, தையலுக்கு ஒன்றரை, ஆக ஒரு பலகை 23½. இரண்டு பலகை 47. கை ஒன்றுக்கு 15, இரண்டுக்கு 30. மொத்தம் 77. மீதி 5 அங்குலம். அந்த ஐந்தில்தான் எங்கள் சண்டை முழுவதும் நடந்தது. கட்டத் துணியில் கட்டம் சேர வேண்டும். பக்கத் தையலில் ஒரு கட்டம் ஏறி இறங்கினால் பார்த்தவுடன் மட்டமாகத் தெரியும் என்பது என் கட்சி. எல்லா இடத்திலும் சேர்த்தால் ஒவ்வொரு பலகையையும் ஒரு கட்டம் நகர்த்த வேண்டும், அளவு ஒன்று குறைந்துவிடும் என்பது அவர் கட்சி. “முன்னால பட்டன் பட்டியில சேரணும். பாக்கெட் இருந்தா அதுல சேரணும். கைக்கு அடியில எவன் குனிஞ்சு பாக்குறான்?” என்றார். விட்டுக்கொடுத்தேன். இன்றுவரை அந்தப் பக்கத் தையல் சேராமல்தான் போகிறது. இதுவரை ஒரே ஒரு பெண்தான் கேட்டிருக்கிறார். அவரும் தையல்காரி.

தைப்பதற்கு ஒரு காக் (மலாயில் அக்கா) கிடைத்தார். சுங்கை ஆராவில் வீடு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் மட்டுமே பதினாறு வருடம் தைத்தவர். 2005 ஜனவரியில் உலகத் துணி வணிகத்தின் கோட்டா முறை முடிந்தபின் ஆர்டர்கள் மலிவான நாடுகளைத் தேடிப் போயின. கொஞ்ச நாளில் காக்கின் வேலையும் போயிற்று. காலர் தைத்த கை கழுத்துப்பட்டியை மடிப்பு விழாமல் வைக்கும். உருப்படிக்கு 18 வெள்ளி பேசினோம். புது ஓவர்லாக் மெஷினை ஜூலையில் வாங்கினேன். அந்த வருடம் ஜூன் 1ஆம் தேதி ஜிஎஸ்டி பூஜ்யமாகி, செப்டம்பர் 1இல் விற்பனை வரி திரும்பி வரும்வரை மூன்று மாதம் நாடே வரியில்லாமல் இருந்தது. கையில் காசு இல்லாதவளுக்கு 6 சதவீதம் என்பது ஒரு மாதத்து நூலும் பட்டனும்.

பதிவு செய்வது சுலபம். நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60. முப்பது மிச்சம் பண்ணலாமா என்று யோசித்தபோது எங்கள் ஊர்க்காரர் ஜிம்மி சூ நினைவுக்கு வந்தார். பினாங்கில் செருப்புத் தைக்கிறவரின் மகன். லண்டனுக்குப் போய்த் தொழில் படித்து, 1986இல் ஹாக்னியில் ஒரு பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து தைத்தவர். 1996இல் பங்குதாரரோடு கம்பெனி ஆரம்பித்தார், 2001இல் தன் பாதியை விற்றுவிட்டார். பெயர் மட்டும் கம்பெனியோடு போய்விட்டது. இன்று ஜிம்மி சூ என்று எழுதிய செருப்பில் ஜிம்மி சூவின் கை இல்லை. என்னை எவனும் கோடி கொடுத்து வாங்கப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் 60 கட்டினேன். அந்தப் பெயரை இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும், விடுங்கள்.

நெய்த லேபிளுக்குக் குறைந்தது ஆயிரம் அடிக்க வேண்டும் என்றார்கள். ஆயிரம் லேபிள் என்பது விற்காத குர்தாக்களின் முன்பதிவு. சாப்புச் செதுக்குகிறவரிடம் ஒரு ரப்பர் சாப்பு செய்து, துணி மையில் ஒற்றி, பருத்தி நாடாவில் நானே குத்திக்கொண்டேன்.

முதல் சரக்கை மொத்தக் கடையில் எடுத்தேன். துணி மொத்த வியாபாரத்தில் இங்கே இன்னும் கோடிக் கணக்குதான். ஒரு கோடி என்றால் 20 உருப்படி. நமக்குக் கோடி என்றால் புதுத்துணி, அல்லது நூறு லட்சம். என் வாழ்க்கையில் நான் துணிந்து வாங்கிய முதல் கோடி 340 வெள்ளி, கைலி ஒன்றுக்கு 17. சில்லறையில் அதே கைலி 22. உருப்படிக்கு ஐந்து வெள்ளி லாபம் என்று தெருவெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

நவம்பர் 6 தீபாவளி. அதற்கு முன் பதிமூன்று விற்றுவிட்டது. சொந்தக்காரர்கள், பழைய கடையின் வாடிக்கையாளர்கள், அவர்களுடைய தோழிகள். தீபாவளி முடிந்த வாரத்தில் வாட்ஸ்அப்பில் முதல் படம் வந்தது. கண்ணாடி முன் நிற்கிற பெண், மார்பில் பட்டன் இழுத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த நாள் இன்னொன்று. ஒரே வாரத்தில் ஐந்து. எல்லோரும் சொன்னது ஒன்றுதான். போட்டபோது சரியாக இருந்தது, துவைத்த பிறகு பிடிக்கிறது. உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

துணி சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? கவுண்டரில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சுருங்கினால் உயரம்தான் குறையும் என்பது நான் கண்டது. இது ஏன் அகலத்தில் சுருங்கியது என்று புரியாமல் மாமாவிடம் ஓடினேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார், என் நெற்றியில் அல்ல, அவர் நெற்றியில். அவருடைய பாட்டனார் கடையநல்லூரில் தறி போட்டவர். “பாவ தறியில இழுத்துக் கட்டித்தானே நெய்வான். ஊடை சும்மா குறுக்கப் போயிட்டு வரும். தண்ணியில போட்டா இழுத்து வச்சவன்தான் மொதல்ல சுருங்குவான். நாம துணியத் திருப்பிப் போட்டோமா இல்லையா? பாவு இப்ப குறுக்க நெஞ்சில ஓடுது.” தலையை முன்னால் நிறுத்த வேண்டும் என்று திருப்பினோமே, அந்த அழகுக்குக் கொடுத்த விலை. அதோடு புதுக் கைலியில் கடையிலிருந்து வரும் கஞ்சி. விறைப்பாக நின்று அளவை ஏமாற்றிவிட்டது.

ஐந்து பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தேன். மீதி எட்டுப் பேரை நானே கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு பேர் பிரித்துத் தைத்துத் தரச் சொன்னார்கள். ஆறு பேர் “பரவாயில்லடி” என்றார்கள். அந்தப் ‘பரவாயில்லை’யைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கைலியும் தண்ணீர் பார்க்காமல் மாமாவின் மேசைக்குப் போனதில்லை. இரவு வெந்நீரில் ஊறப்போட்டு, இரண்டு முறை அலசி, அடுக்குமாடி வீட்டின் வெளிக்கம்பில் காயப்போடுவேன். ஆயர் ஈத்தாம் பக்கம் மழை அதிகம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துவைத்த பிறகு 82 அங்குலம் 79 ஆகிவிடும். அதில் 42 அளவு ஒரு நூல்கூட மிஞ்சாமல் அடங்கும். 44 அடங்காது. இங்கேதான் இன்னொரு வம்பு. கேட்டு வருகிறவர்களில் 44, 46 நிறையப் பேர். “குண்டா இருக்கிறவங்க கைலி போடக் கூடாதா?” என்று ஒரு அக்கா முகத்துக்கு நேரே கேட்டார். மாமா இரண்டு நாள் யோசித்து, உயரத்தை 34ஆகக் குறைத்து, தையலும் மடிப்பும் போக அடியில் மிஞ்சும் பத்து அங்குலப் பட்டையில் அரைக்கை வெட்டினார். குட்டைக் குர்தா, அரைக்கை. இன்று அதுதான் அதிகம் போவது. சீனப் பெண்களும் அதைத்தான் எடுக்கிறார்கள், ஜீன்ஸுக்கு மேலே போட.

சாயம் வேறு கதை. சில கைலிகள் எத்தனை அலசினாலும் நீலம் விட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. சென்னைக் கட்டத் துணியை அமெரிக்காவில் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை 1950களின் கடைசியில் சட்டையாகத் தைத்து விற்றதாம். துவைக்கும் முறையை யாரும் சொல்லாததால் சாயம் ஒன்றோடொன்று கலந்து, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்களாம். துணியை விற்றவர் பிற்காலத்தில் லீலா ஓட்டல்களைக் கட்டிய கேப்டன் கிருஷ்ணன் நாயர். கடைசியில் விளம்பரக்காரர்கள் ‘சாயம் போகும் என்று உத்தரவாதம்’ என்றே விளம்பரம் போட்டு அதைப் பெருமையாக்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அந்த நெஞ்சழுத்தம் இல்லை. வெள்ளைத் துணியோடு போடாதீர்கள் என்று மூன்று மொழியில் ஒரு சீட்டு அடித்து ஊசியில் குத்திவிடுகிறேன். ஒரு ஈரமான வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்த்து, நிறம் ஏறினால் அந்தக் கைலியை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அப்பாவிடம் இப்போது ஏராளமான நீலக் கைலிகள் இருக்கின்றன.

புத்தாண்டுக்கு என் சொந்தச் சரக்கை எண்ணினேன். பழக்கம். இரண்டாவது கோடியில் பன்னிரண்டு போய், எட்டு மிஞ்சியிருந்தது. எட்டில் ஆறு பிரவுன். மொத்தக் கடையில் ஒரு கோடி கட்டு வாங்கினால் நிறம் அவர்கள் வைத்ததுதான், அதில் பிரவுன் கட்டாயம் இருக்கும், ஆண்களுக்கு அது போகும். தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 340 வெள்ளியைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு கைலி 28 சொச்சம். பதினேழுக்கு வாங்கினேன் என்று நினைத்தது பொய். சில்லறைக் கடையில் 22 கொடுத்துப் பிடித்த நிறத்தில் நான்கு மட்டும் எடுத்திருந்தால் ஆறு வெள்ளி மிச்சம், கூடத்தில் மூட்டையும் இல்லை.

சில்லறை விலைக்குத் துணி வாங்கி வியாபாரம் செய்கிறாள் என்று கடைத்தெருவில் பழைய ஆட்கள் சிரித்தார்கள். மேரி குவான்ட் 1955இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் கடை திறந்தபோது ஹாரட்ஸில் போய் முழு விலை கொடுத்துத் துணி வாங்கித்தான் தைத்தாராம். பகலில் விற்ற காசில் மறுநாளுக்குத் துணி. அவருக்கு மொத்த விலைக் கடைகளைத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் போகாமல் இருப்பதற்குக் கொஞ்சம் மனசு வேண்டும், ஏனென்றால் பதினேழு என்ற எண் காதில் இனிக்கும். இப்போது என் வழக்கம் இதுதான். ஒரு நிறத்தில் மூன்று அல்லது நான்கு. இரண்டு வாரத்தில் மூன்று போனால் திரும்ப நான்கு. போகவில்லை என்றால் அந்த நிறத்தின் முகத்தில் முழிப்பதில்லை. அப்போது துணி 22, தையல் 18, வெட்டுக்கூலி, நூல், பட்டன், பை எல்லாம் சேர்த்து 8, ஆக 48. விற்றது 89. இதில் என் கூலி எங்கே என்று கேட்காதீர்கள், முதல் வருடம் நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹின் பஸ் டெப்போவில் மேசை போட ஆரம்பித்தேன். ஜாலான் குருத்வாராவில் பழைய பஸ் பணிமனை, இப்போது ஓவியக் கூடமும் சந்தையுமாக இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள், சுவரோவியங்களைப் பார்க்க வந்த சிங்கப்பூர்க்காரர்கள், உள்ளூர் மலாய்க் குடும்பங்கள். ஒரு மலாய்ப் பாட்டி குர்தாவைத் தூக்கிப் பார்த்து, தலையை முன்னால் வைத்துவிட்டாயே என்று கண்டித்தார். பின்னால் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்களே நேனே என்றேன். யோசித்துவிட்டு மருமகளுக்கு ஒன்று எடுத்தார். பாத்தேக் இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. அரசாங்க ஊழியர்கள் வியாழக்கிழமை பாத்தேக் போட வேண்டுமல்லவா. கைலி பாத்தேக் ஆகாது, அந்த வியாபாரம் எனக்குக் கிடையாது. இரண்டு தொழிலில் கால் வைக்க இரண்டு முதல் வேண்டும்.

சந்தையில் ஒரு நாள் ஒரு கடைக்காரர் என் துணியைப் பார்த்துவிட்டுத் தன் கடையில் வைத்து விற்றுத் தருகிறேன் என்றார். பழைய கடைவீட்டைப் புதுப்பித்த அழகான இடம். 35 சதவீதம் அவருக்கு. பதினைந்து உருப்படி கொடுத்தேன், என் மொத்தச் சரக்கில் பாதிக்கு மேல். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் மாட்டினார்கள். போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பெருமைப்பட்டேன். காசு வந்தது ஏழாவது மாதத்தில், ஒன்பது உருப்படிக்கு. மீதி ஆறு திரும்பி வந்தபோது மேற்கு வெயில் பட்டு ஒவ்வொன்றிலும் ஒரு தோள் மட்டும் வெளுத்திருந்தது. என் கூடத்தில் தூங்கினால் காசு, அங்கே தூங்கியது அலங்காரம். இப்போது கடைகளுக்குக் கொடுப்பதென்றால் மூன்று கொடுப்பேன். விற்றுக் காசு தந்தால் அடுத்த மூன்று.

2020 மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது என் கையில் பதினொரு குர்தாவும் மூன்று பை வெட்டுத்துண்டும் இருந்தன. பெரிய சரக்கு வைத்திருந்தவர்கள் அந்த வருட நோன்புப் பெருநாளுக்காக வாங்கிப்போட்டதை வைத்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுவதற்குச் சரக்கு இல்லை. ஜூனில் உலக சுகாதார நிறுவனம் மூன்று அடுக்குத் துணிக் கவசம் நல்லது என்றது. ஆகஸ்ட் 1 முதல் கூட்டமுள்ள இடங்களில் கவசம் கட்டாயம், இல்லாவிட்டால் 1,000 வெள்ளி அபராதம் என்று அறிவிப்பு வந்தது. கைலி நெருக்கமான நெசவு. காக் வீட்டிலிருந்தே தைத்தார். இரண்டு வருடமாகத் தூக்கிப்போட மனமில்லாமல் சேர்த்த துண்டுகள் எல்லாம் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. அந்த வருடம் நான் லாபம் என்று பார்த்தது அதில்தான். கைலிக் குர்தாவில் அல்ல, கைலிக் குப்பையில்.

மாமா 2022இல் கண் அறுவை செய்துகொண்டார், இப்போது வெட்டுவது நான். முதல் மூன்று மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பட்டன் பட்டியில் கட்டம் ஒரு நூல் தவறினாலும் தொண்டையைச் செருமுவார். அவருக்கு ஒரு சட்டை தைத்துத் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். கைலியைக் கட்டுவேன், போட மாட்டேன் என்கிறார்.

போன மாதம் கடைத்தெரு மொத்தக் கடைக்குப் போனேன். நான் எடுக்கிற சில்லறைக் கடையில் தேடிய பச்சை தீர்ந்துவிட்டது. கடைக்கார அண்ணன் ஒரு கட்டை எடுத்துப் போட்டார். கோடி விலை இப்போது ஒன்றுக்கு 21 என்றார், உனக்காக 20 என்றார். பிரித்துக் காட்டச் சொன்னேன். நான்கு பச்சையை உருவி எடுத்துக்கொண்டு சில்லறை விலையைக் கேட்டேன்.

“நாலுக்காக கட்டப் பிரிக்கச் சொன்னியா?” என்று முனகிக்கொண்டே மீதிப் பதினாறையும் மடித்தார். மடித்து அடுக்கும்போது மேலே ஒரு பிரவுன் வந்தது. அதை உருவி என் பக்கம் தள்ளினார்.

“இத ஒண்ணாச்சும் எடுத்துக்கம்மா.”

“பிரவுன் வீட்ல இருக்குண்ணே” என்றேன்.